கேளாதவர்களும் ஓர் இலைச் சாமைச்சோறும்

போன வாரம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஓர் இளைஞர் என் கையில் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் திணித்தார். 'நற்செய்தியைக் கேளாமல் மரிப்பவர் கதி என்ன?' என்று தலைப்பு. அடியில் ஸ்கேன் செய்ய ஒரு கட்டம். கதியைத் தெரிந்துகொள்ளக்கூட இப்போது சிக்னல் வேண்டும். சாரலில் நனைந்த காகிதத்திலிருந்து மை வாசம் வந்தது. அந்தக் கேள்வியோடு நானும் ஒருநாள் கிளம்பியிருக்கிறேன், கேளுங்கள்.

இருபது சொச்சம் வயதில் நான் சேலத்திலிருந்து வந்து, வாழவந்திப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்கு உதவியாளாக இருந்தேன். சர்ச்சுக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். கேளாதவனுக்கு அக்கினி நிச்சயம், தெரிந்தும் சொல்லாதவனுக்கு அதைவிடச் சூடான அக்கினி நிச்சயம் என்று சொல்லிவிட்டு, பிளாஸ்கைத் திறந்து டீ குடித்தார். நரகத்தின் தட்பவெப்பம் அவருக்கு அவ்வளவு அத்துப்படி.

ஆத்துமாக்கள் மேல் இரக்கம் பொங்கியது என்று எழுத ஆசைதான். பொங்கியது என் தோல் மேலிருந்த அக்கறை. ஸ்வெட்டருக்குள் வேர்த்தது. ஏற்காடு டவுனில் தடுக்கி விழுந்தால் சர்ச் வாசல். கேளாதவன் ஒருவன் அங்கே கிடைப்பது கஷ்டம். அகப்பட்டவர் செம்மநத்தத்துப் பெரியண்ணன். கடைசி பஸ்ஸை நான் விட்டுவிடும் நாட்களில் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்கும் மலை விவசாயி. அவரைக் காப்பாற்றி, அந்தச் சாக்கில் நானும் தப்பித்துவிடலாம் என்று ஞாயிறு மத்தியானம் கிளம்பினேன்.

வீடு திறந்திருந்தது, ஆளில்லை. சுவரோரம் ஒரு சின்ன வாழையிலை. அதில் புதுச் சாமைச்சோறு, வெல்லம், உரித்து வைத்த கமலா ஆரஞ்சு. நான் வருவதை மேட்டிலிருந்து பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள் என்று முடிவுசெய்தேன். ஊழியக்காரனுக்கு வேறென்ன வரவேற்பு. கடைசிச் சுளையின் விதையைத் துப்பும்போது பெரியண்ணனும் நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் கொல்லையிலிருந்து வந்தார்கள்.

அவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, பசிங்களா?"

"ஆமாங்கண்ணே."

"அது எங்க பாப்பாவுக்கு வெச்சதுங்க."

பாப்பா, நாலு வயதில் காய்ச்சலில் போன மகள். புதுச் சாமை வந்தால் முதல் இலை போனவர்களுக்கு. அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமென்று வீட்டார் வெளியே போய் நிற்பார்கள். எனக்குத்தான் கூச்சமே இருக்கவில்லையே.

அக்கா சிரித்துவிட்டார். "உடுங்க. வருசா வருசம் வெச்சது வெச்சபடி கெடக்கும். இன்னைக்குத்தான் எலை காலியாயிருக்குது."

வெட்கத்தை மறைக்கப் பிரசங்கத்தைத் தொடங்கினேன். பாவம், இரட்சிப்பு, அக்கினி எல்லாம் முன்பின்னாக வந்து விழுந்தன. கேளாதவர் கதிக்கு வந்தபோது அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"பாப்பா இதெல்லாம் கேக்காமயே போயிட்டாளே கண்ணு. அவளுக்கு என்னாகும்?"

சிரிப்பு போயிருந்தது. பெரியண்ணன் மெதுவாகச் சொன்னார்: "அடுப்புக்கிட்டயே வரமாட்டாளுங்க தம்பி. நெருப்புன்னா நொம்பப் பயம்."

பிரசங்கியாரின் பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் அவளுடைய வெல்லம் என் நாக்கில் இன்னும் கரையவில்லை.

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்கக்கா. நல்லாத்தான் இருக்கறா."

"நெசமாவா?"

"எழுதியிருக்குதுங்க."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சேலம் வரை ஓடியிருப்பேன். ஒரு கவளச் சோற்றை விழுங்கும் நேரத்தில் வேதசாஸ்திரத்தைத் திருத்திய மகானாகத் திரும்பினேன். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது நியாயத்தீர்ப்பு வந்துவிட்டதென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது செம்மநத்தத்தில் செல்போன் டவர் இருக்கிறது. கேளாதவர் என்ற இனமே மலையில் அற்றுப்போனது. எல்லார் சட்டைப்பையிலும் ஒரு பிரசங்கியார் கத்துகிறார். பெரியண்ணன் வீடு ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. சாமைக் கொல்லையில் கார் நிறுத்துகிறார்கள். அவரும் அக்காவும் போய்விட்டார்கள். என் பாதிப் பிரசங்கத்தை மட்டும் கேட்ட அவர்கள் கேட்டவர்களா, கேளாதவர்களா என்று பிரசுர இளைஞரிடம் விசாரிக்கலாமென்று திரும்பினேன். அவர் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

அக்கினிப் பயம் எனக்கு எப்போதோ விட்டுப்போனது. இப்போதிருக்கும் பயம் வேறு. பரலோகக் கதவு எனக்குத் திறந்தால், உள்ளே சுவரோரம் நாலு வயதுக்காரி ஒருத்தி காலி இலை முன்னால் உட்கார்ந்திருப்பாள். வேதவசனம் எதுவும் கேட்கமாட்டாள். என் ஆரஞ்சு எங்கே என்றுதான் கேட்பாள்.