அந்தப் பொட்டலம் யாருடையது?

நாமக்கல் பக்கம் போலீஸ் பிடிக்கிற கஞ்சாப் பொட்டலம் எதுவுமே பிடிபட்டவனுடையது கிடையாது. எல்லாம் ஒரு ஃப்ரெண்டுடையது. அடுத்தவர் ரகசியத்தைக் கட்டிக்கொண்டு அழும் என் சக வக்கீல்களே, அந்த ஃப்ரெண்டை நீங்களாவது பார்த்ததுண்டா?

முட்டையோடு வந்த அம்மா

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் செல்வியக்கா ஓர் அட்டை முட்டையோடு ஆபீசுக்கு வந்தார். டிப்ளமோ கடைசி வருஷம் படிக்கும் மகன் கௌதம், சின்னப் பொட்டலத்தோடு மாட்டி உள்ளே இருக்கிறான். தண்டனை விழுந்தால் படிப்பு, வேலை எல்லாம் போச்சு. பையன் எப்படி என்றேன்.

"பீடியக்கூட மோந்து பாத்ததில்லீங்க வக்கீலம்மா. ஃப்ரெண்டு பையில வெச்சுட்டானாமுங்க."

மாமனின் ஜாமீன்

ஜாமீன் கிடைத்தது. கையெழுத்துப் போட, லாரிப் பட்டறை வைத்திருக்கும் தாய்மாமன் வீட்டு வரி ரசீதோடு வந்தார். பேனாவைத் திறந்தவர் ஜாமீன் பேப்பரோடு இருந்த கௌதமின் போட்டோவைப் பார்த்தார். தலை முழுக்கச் செம்பட்டைச் சாயம். பேனாவை மூடிவிட்டார். செல்வியக்கா அரை மணி நேரம் கெஞ்சிய பிறகுதான் திறந்தார்.

"பையனுக்கு மட்டுந்தானுங்க ஜாமீன். அந்தத் தலைக்கு நான் பொறுப்பில்லீங்க."

கையெழுத்துப் போடாதவன்

கௌதமைத் தனியே உட்காரவைத்தேன். பிடிபட்ட அளவு குறைவு. பழக்கம் உண்டென்று ஒத்துக்கொண்டு, தானாகவே கோர்ட்டில் சிகிச்சை கேட்டு, அதை ஒழுங்காக முடித்தால் வழக்கிலிருந்து வெளியே வரச் சட்டத்தில் வழியிருக்கிறது. "என்னுதுதானுங்க" என்று உடனே ஒத்துக்கொண்டான். அப்பாடா என்று மனுவை நீட்டினால், கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். எனக்கு வந்ததே கோபம். வாழ்க்கையே போகுது, என்னடா பிடிவாதம் என்று கத்திவிட்டேன்.

"ஜட்ஜுகிட்டச் சொல்லிருவேனுங்க மேடம். அம்மா பின்னாடி நின்னு கேப்பாங்களே. அவங்களுக்கு அது ஃப்ரெண்டுதாவே இருக்கட்டுமுங்க."

துவைக்கிறவர்

செல்வியக்காவைக் கோர்ட்டுக்கு வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? காரணம் கேட்டால் என்ன சொல்வது? அதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு நான் வல்லீங்க. அவன் சட்டையத் தொவைக்கறவ நானு, எனக்குத் தெரியாதுங்களா? நான் நின்னா அவன் வாயத் தொறக்கமாட்டான். எனக்குத் தெரியும்னு மட்டும் அவங்கிட்டச் சொல்லிராதீங்க சாமி, கூசிப்போயிருவான்."

மறுநாள் அம்மா வரவில்லை என்று தெரிந்ததும் கௌதம் கையெழுத்துப் போட்டான், வாயையும் திறந்தான். சிகிச்சை முடிந்தது, வழக்கும் முடிந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. டிப்ளமோவை முடித்துவிட்டு, இப்போது ஒட்ட வெட்டிய தலையோடு மாமன் பட்டறையில் வெல்டிங் செய்கிறான். அம்மாவும் மகனும் தனித்தனியாக வந்து, தனித்தனியாக முட்டை கொடுத்து, ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சொல்லலைதானுங்களே?"

அந்த வீட்டில் அந்தப் பொட்டலம் இன்றைக்கும் ஃப்ரெண்டுடையதுதான். அந்த ஃப்ரெண்டுக்கு நான்தான் வக்கீல்.