லயங்கள் ஏறி இறங்கிய வேலம்மாள் சிஸ்டர்

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல். மறையூரில் என் மைத்துனர் வீட்டில் விருந்து முடித்துக் கடைத்தெருவில் நின்றிருந்தேன். மூணாறிலிருந்து வந்த பஸ் நின்றதும் கண்டக்டர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். எங்கள் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

"ஒங்க வேலம்மா சிஸ்டர் காலையில தவறிட்டாவ. இதே வண்டி திரும்பும். ஏறிக்கிடுங்க."

"எந்த வேலம்மா?" என்று கேட்டேன். எங்கள் எஸ்டேட்டில் அந்தப் பெயரில் வேறு சிஸ்டர் கிடையாது. சனிக்கிழமை என்னைப் பஸ் ஏற்றிவிட்டவரே அவர்தான். "வரும்போது நல்ல வெல்லம் ரெண்டு உருண்டை வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வெல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தேன். வழியெல்லாம் கண்டக்டர் ஆள் மாறிச் சொல்லிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிவாசலுக்கு மேலே உள்ள எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலம்மாள் அவர்கள் பேறுகால நர்ஸ். தேயிலைக் கொழுந்து கிள்ளும் தாய்க்கு இங்கே லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவர். நாகர்கோவிலில் பயிற்சி முடித்து, பிறந்த மலைக்கே வேலைக்கு வந்தார். முப்பது வயதை ஒட்டி விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. முடக்குவாதம் என்றார் டாக்டர். பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். குளிர்ந்த காலைகளில் அவர் விரல்கள் மடங்காது. டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அணைத்துத்தான் குடிப்பார்.

அவருக்குப் பதிலாகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அப்போது இது திருவிதாங்கூர்-கொச்சி, கேரளம் ஆகவில்லை. முதல் நாள் நான் கூச்சத்தோடு போய் நின்றேன். அவர் சொன்னார்: "ஒங்கள என் எடத்துக்குத்தான் எடுத்திருக்காவ. தெரியும். அதுல ஒங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் கெடையாது. மொதல்ல சாப்பிடுங்க."

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். "ஐயா, பிரசவம் இனிமே இவுக பாக்கட்டும். ஈரக் கையில பிள்ள வழுக்கிச்சின்னா என்னால பிடிக்க முடியாது" என்றார். இவ்வளவு சுலபமாக விலகுகிறாரே என்று டாக்டருக்கு நிம்மதி. ஆனால் சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"ஆனா நான் வேலைய விடமாட்டேன். நம்ம பொம்பளைக வலி கண்ட பொறவுதான் இங்க வாராளுக. அதுக்கு முன்னால அவுகள யாரும் பாக்கதில்ல. நான் லயம் லயமாப் போயிப் பாக்கேன். அதுக்குக் கண்ணும் வாயும் போதும்."

"உங்களுக்குக் காலையில எழுந்து நடக்கவே முடியலையே" என்றார் டாக்டர்.

"காலையில லயத்துல யாரு இருக்கா? எல்லாரும் மலையில கொழுந்து கிள்ளுதாளுக. மத்தியானத்துக்கு மேலதான் ஆளு வரும். என் கையும் காலும் அப்பந்தான் இளகும்."

டாக்டர் சிரித்துவிட்டார். எஸ்டேட் மேனேஜரான துரையிடம் பேசித் தற்காலிகமாக அனுமதி வாங்கிக் கொடுத்தார். அந்தத் தற்காலிகம் வருடக்கணக்கில் நீண்டது. ஒவ்வொரு மழைக்காலம் முடியும்போதும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும்; நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. ஆனாலும் ஒரு நாளும் தன் நோயை மறைத்ததில்லை. தாழ்ப்பாளைத் திறக்க முடியாவிட்டால் வாசலில் நின்று, "கதவத் தொறங்கடி, என் கை இன்னைக்கு லீவு" என்று குரல் கொடுப்பார்.

ஒரு மழைக்காலம் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் அன்னக்கிளி என்ற பெண்ணைப் பார்க்கப் போனோம். தலைப்பிள்ளை. முகமும் காலும் வீங்கியிருந்தன. தலை இடிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. "இவள இப்பமே மூணாறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றார்.

இருந்தது தேயிலைப் பெட்டி ஏற்றிய ஒரு லாரிதான். துரை உத்தரவு இல்லாமல் ஆள் ஏற்ற முடியாது என்று டிரைவர் மறுத்தார். சிஸ்டர் வாக்குவாதம் செய்யவில்லை. பெட்டி தூக்குகிற இருவரைக் கூப்பிட்டு, "என்னையத் தூக்கி முன்னால வைங்க" என்றார். அவர்களும் தூக்கி வைத்தார்கள். உட்கார்ந்த பிறகு டிரைவரிடம் சொன்னார்: "இனி நீங்க எறங்கச் சொன்னாலும் என்னால எறங்க முடியாது. இந்த முட்டி மடங்காது. அந்தப் பிள்ளைய ஏத்திட்டு வண்டிய எடுங்க."

வண்டி கிளம்பியது. விரல்களால் பற்ற முடியாததால் அன்னக்கிளியின் கையைத் தன் இரு மணிக்கட்டுகளுக்கு இடையில் வைத்து இறுக்கிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு ஜன்னி கண்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார்கள். இரண்டும் பிழைத்தன. மறுநாள் துரை கூப்பிட்டு அனுப்பியபோது வேலை போயிற்று என்றுதான் நாங்கள் நினைத்தோம். துரையோ, இனி சிஸ்டர் கேட்டால் எந்த வண்டியும் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அவர் போவதற்கு முந்தின வாரம்தான் அவருக்கு வேலை நிரந்தரமானது. "இனி மழ முடிஞ்சா பயமில்ல" என்று சனிக்கிழமை பஸ்ஸடியில் அவர் சிரித்த சிரிப்பை எப்படி எழுதுவது?

திங்கட்கிழமைகூட லயங்களுக்குப் போயிருக்கிறார். செவ்வாய் விடிந்ததும் ரத்த வாந்தி. ஜீப் வருமுன் முடிந்துவிட்டது. வலிக்காக வருடக்கணக்கில் விழுங்கிய ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கி, அந்தப் புண் உடைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை. எங்கள் எல்லாருடைய கவனமும் அவர் கைகால்களின் மேலேயே இருந்தது. முடங்கி வீட்டில் கிடக்கும் நாள் வரும் என்று பயந்திருந்தோம். சாவு இந்தப் பக்கமாக வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனது ஏற்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் அவரைக் குளிப்பாட்டிப் புதுச்சேலை உடுத்தியிருந்தார்கள். தலை வாரிவிடலாம் என்று நான் சீப்பை எடுத்தேன். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் அவர் கணவர் சுடலைமுத்து அண்ணன் பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"தாங்க தங்கச்சி, நான் பின்னுதேன். அவளுக்குக் கை தோளுக்கு மேல ஏறாதுல்லா. இத்தன வருசமும் நான்தான்."

கூடவே வேலை செய்த எனக்கு அது தெரியாது. அங்கிருந்த யாருக்கும் தெரியாது. அவர் நிதானமாக வகிடெடுத்து, சிக்கெடுத்து, மூன்று கால் பிரித்துப் பின்னினார். நுனியில் ரிப்பனை முடிந்துவிட்டு, பழக்கத்தில், சிஸ்டரின் முகத்தைப் பார்த்து, "சரியா இருக்கா?" என்று கேட்டார்.

அன்று சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன். சரியாக இருக்கிறது அக்கா. போய் வாருங்கள்.