சுவர் தாண்டினால் அவுட்

அர்ஜுனனுக்குக் கிரிக்கெட் தெரியும் என்றால் குறைத்துச் சொன்னதாகும். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, பதினோரு சைக்கிளை வைத்து வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன் அவன். பங்க்சர் ஒட்டும்போதும் தோளுக்கும் காதுக்கும் நடுவே டிரான்சிஸ்டர் இருக்கும். வேலூரில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த கிரிக்கெட் விதிப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தான். மட்டை பிடித்தால் மட்டும் மூன்று பந்துக்கு மேல் நின்றதில்லை. அதனால் ஊர்ப் பையன்கள் அவனை அம்பயர் ஆக்கினார்கள். 'ரூல்ஸ் அர்ஜுனன்' என்ற பட்டப்பெயரை அவன் டாக்டர் பட்டம் மாதிரி சுமந்து திரிந்தான்.

அவன் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போடவே பிறந்தவன் போலத் தசரதன் ஒருவன் இருந்தான். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. தசரதன் பந்து போட்டால் ஸ்டம்பு எகிறும். கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் மேனேஜராக இருந்ததால் இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அர்ஜுனனுக்கோ வர்ணனை கேட்டுக் கேட்டுக் காதுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது, பேப்பர் படித்துக் கண்ணுக்கும் வந்துவிட்டது. நாக்குக்கு மட்டும் வரவில்லை. பேச வேண்டிய இடத்தில் "ஓகே", "குட்" என்ற இரண்டையும் சொல்லிவிட்டுச் சிரிப்பான்.

1996இல் உலகக் கோப்பை நடந்தபோது, பின்லாந்துக்காரர் மார்ட்டி என்பவர் சைக்கிள் எடுக்க வந்தார். டீக்கடை டிவி முன்னால் கூட்டம் அப்படி என்னத்தைப் பார்க்கிறது என்று சைகையில் கேட்டார். அவ்வளவுதான், அர்ஜுனன் ஸ்பானரைக் கீழே போட்டான். டென்னிஸ் பந்தை அவர் விரலுக்குள் வைத்து மடக்கிக் காட்டினான். யார் யார் எங்கே நிற்பார்கள் என்று தரையில் சாக்பீசால் வரைந்தான். பத்து நாள் இந்தப் பாடம் நடந்தது. பொன்னியைக் கைப்பிடித்த நாளில்கூட அவன் முகம் அப்படி மலர்ந்ததில்லை. பொன்னியே அதைச் சொல்லியிருக்கிறாள்.

பதினோராம் நாள் மார்ட்டியை ஆடவைக்கலாம் என்று மைதானத்துக்கு அழைத்துப் போனான். அது பெரிய முட்டாள்தனம். மைதானம் இருந்தது தசரதனின் கெஸ்ட் ஹவுசுக்குப் பின்னால். தசரதன் வந்தான், "ஹலோ" என்றான், தோளில் கை போட்டான். மறுநாளிலிருந்து மார்ட்டியின் சைக்கிள் கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்றது.

"உங்க வெள்ளக்காரரு இன்னா, இந்தப் பக்கமே காணோம்?" என்று கேட்டாள் பொன்னி.

"ஆள் நடமாட்டம் ஜாஸ்தியா இருக்கிற எடமாப் பாத்துப் போயிட்டாரு" என்றான் அர்ஜுனன். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மைதானத்துக்கென்று சொந்தச் சட்டங்கள் உண்டு. ஒரு பக்கம் தியானக் கூடத்தின் மதில் சுவர். உள்ளே கண்மூடி உட்கார்ந்திருப்பவர்கள் மத்தியில் பந்து விழுந்தால் சாயங்காலம்வரை கிடைக்காது. அதனால், சுவரைத் தாண்டி அடித்தவன் அவுட். பந்து ஒரு தரம் குத்தி எழுந்த பிறகு ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். எல்.பி.டபிள்யூ. கிடையாது, கொடுத்தால் சண்டை வரும். திருவண்ணாமலையில் இதெல்லாம் யாருக்கும் வியப்பில்லை. நாற்பது பந்து தொலைத்த ஊர் அது.

ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மார்ட்டி கடைக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு. தங்கள் ஊரில் ஒரு டீம் தொடங்கப்போவதாகவும், தசரதன் விதிகளை எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொல்லி, "கரெக்ட்?" என்று நீட்டினார்.

அர்ஜுனன் படித்தான். சுவர் தாண்டினால் அவுட் என்றிருந்தது. ஒற்றைக் கை கேட்சும் இருந்தது. எல்.பி.டபிள்யூ. இல்லவே இல்லை. ஆயுசில் வேறு மைதானத்தில் ஆடாத தசரதன், தங்கள் மைதானத்துச் சட்டத்தையே கிரிக்கெட் சட்டமாக முத்துமுத்தாக எழுதியிருந்தான். அர்ஜுனனின் கை பேனாவுக்குப் போயிற்று. அப்போதுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். 'கற்றுத் தந்தவர்: தசரதன், திருவண்ணாமலை' என்று இங்கிலீஷில் மார்ட்டியே எழுதியிருந்தார். முன்னும் பின்னும் புரட்டினான். அவன் பெயர் எங்குமே இல்லை.

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடையானால் போதும் என்பார்கள். பேனா பைக்குள் போயிற்று. "ஓகே. குட்" என்றான்.

அதற்குப் பின் ஏழு வருஷம் தசரதனுக்குக் கடிதம் வந்தது. பனிக்கு நடுவே தொப்பி போட்ட பதினைந்து பேர் மட்டையோடு நிற்கும் போட்டோ கெஸ்ட் ஹவுஸ் சுவரில் தொங்கியது. அந்தப் பக்கம் போகாமலிருக்க அர்ஜுனன் சுற்றிக்கொண்டு போனான். என்றைக்காவது தசரதனின் மானம் போகும், அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவது என்று காத்திருந்தான். அப்படிக் காத்திருந்ததை அவன் பொன்னியிடம்கூடச் சொன்னதில்லை.

2003இல் மார்ட்டி மறுபடி வந்தார். டீக்கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அவர் சொன்னதை அர்ஜுனனின் காது ஒரு சொல் விடாமல் வாங்கியது. அவருடைய டீம் பக்கத்து நாட்டுக்கு முதல்முறையாக ஆடப் போனதாம். அவர் டீமின் சிறந்த ஆட்டக்காரன் பந்தைத் தூக்கிச் சுவருக்கு அப்பால் அடித்துவிட்டு, தானே தலை குனிந்து வெளியே நடந்தானாம். மைதானமே விழுந்து விழுந்து சிரித்ததாம். அவன் அதன் பிறகு மட்டையைத் தொடவில்லை. ஒவ்வொருவராகக் கழன்றுபோய் இப்போது ஏழு பேர்தான் மிச்சம். ஏழு பேரை வைத்து என்ன ஆடுவது என்று மார்ட்டி டம்ளரைப் பார்த்துக் கேட்டார்.

தசரதனின் முகம் செத்துவிட்டது. ஏழு வருஷமாக அர்ஜுனன் காத்திருந்த முகம் அதுதான். பார்த்தபோது ஏனோ இனிக்கவில்லை.

தசரதன் அர்ஜுனனிடம் தமிழில் கேட்டான். "எனக்கு ரூல்ஸ் அரகொறதான்டா. அதனாலதான் நோட்ட உன்கிட்ட காட்டிட்டுப் போவச் சொன்னேன். அர்ஜுனன் பாத்துட்டா சரியா இருக்கும்னு நானே அனுப்பினேன். நீ பாக்கலியா?"

அந்த நோட்டைத் தன்னிடம் அனுப்பியதே இவன்தான் என்பது அர்ஜுனனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாத்தேன்" என்றான். "தப்புன்னு தெரிஞ்சேதான் விட்டேன். அதுல உன் பேரு இருந்துச்சி. என் பேரு இல்ல. வயித்தெரிச்சல்."

"அவங்க டீமே போச்சேடா" என்றான் தசரதன்.

"நான் பண்ணதுதான்னு அவருகிட்ட சொல்லிடு. எனக்குப் பேச வராது."

தசரதன் மார்ட்டியின் பக்கம் திரும்பினான். இந்த மைதானத்துச் சட்டத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அர்ஜுனன் அன்றைக்குச் சரி என்றுவிட்டான், கூட வந்து விளக்காதது தன் தவறு என்று இங்கிலீஷில் சொன்னான். இடையில் ஒரு வார்த்தை தடுமாறவில்லை. மார்ட்டி எழுந்து வந்து அர்ஜுனனின் தோளைத் தட்டி, இந்த முறை நீங்களே எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அர்ஜுனன் "ஓகே" என்றான். நன்றிதான் வந்திருக்க வேண்டும். ஆனால், இவ்வளவு பெரிய மனசு இவனுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று அவன் வயிறு மறுபடியும் பற்றிக்கொண்டு எரிந்தது.