மனுசியின் பக்கத்துச் சொந்தம்

சிறையிலிருந்து வந்தவர்கள் ஊரோடு எப்படித் திரும்பவும் ஒட்டுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. வவுனியாவில் படிப்பிக்கிறேன். கருத்தரங்கு என்றால் குரலை உயர்த்தி விளாசுவேன். வீடு வீடாகப் போகிற நாளில் மட்டும், பின்னால் யாரும் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் சிரிப்பார். அவர் ஒருநாளும் என்னோடு வந்து பார்த்ததில்லை.

நெடுங்கேணிக்கு உள்ளே ஒருவரைச் சந்திக்கப் போனேன். பல வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்து உழுந்து போட்டிருந்தார். புதிதாக யார் வந்தாலும் பின்னாலேயே புலனாய்வுக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து விசாரிப்பார் என்று முதலே சொல்லியிருந்தார். அவரோடு விடுதலையான இன்னொருவரை, வீட்டுக்கு வந்துபோனது யார் என்று கேட்கத்தான் கூட்டிப்போனார்கள். அந்த மனிதர் இன்னும் வீடு திரும்பவில்லை. அதனால் பல்கலைக்கழக வாகனத்தை விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன்.

முன் விறாந்தையில் கதிரை போட்டுத் தந்தார்கள். கதைக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் தணிந்தது. அவர் பாதியில் நிறுத்தினார். மனைவி வந்து என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துப் போனா. எங்களுடைய வீடுகளில் வெளியாள் என்றால் விறாந்தைக் கதிரை, சொந்தம் என்றால் குசினி. ஒழுங்கையில் நின்று பார்க்கிறவனுக்கும் அது தெரியும். என்னைத் திருவலையில் இருத்தி, பாதித் தேங்காயைக் கையில் தந்தா. வாசலையே பார்த்துக்கொண்டு துருவியதில் சிரட்டையும் சேர்ந்து துருவுப்பட்டது.

வந்தவர் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, உழுந்து எப்படி என்றெல்லாம் விசாரித்தார். பிறகு, யார் வந்திருப்பது என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னைத் தன் மனைவிக்கு உறவாக்கிவிட்டார்.

"மனுசியின்ர பக்கத்துச் சொந்தம். பரந்தனிலயிருந்து வந்திருக்கிறா."

வந்தவர் குசினி வாசலில் தலையை நீட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மனைவியின் தகப்பன் பெயர்கூட எனக்குத் தெரியாது. நல்ல காலம், கேட்கவில்லை.

அவர் போனதும், இனி இந்தப் பக்கமே வரமாட்டேன், எழுதவும் மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று நினைத்தேன்.

"அப்பிடிச் செய்துபோடாதேங்கோ, மிஸ். சொந்தம் எண்டு சொல்லிப்போட்டன். இனி நீங்கள் வராமல் விட்டால்தான் கேப்பினம்."

அப்படித்தான் அவர்களுடைய மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்கு, சீலை உடுத்து, வெத்திலைத் தட்டும் தூக்கிக்கொண்டு போனேன். ஆய்வு எங்கேயோ போய்விட்டது. மோட்டார் சைக்கிள்காரரும் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார்.

"தனியவோ வந்தனீங்கள் அக்கா? அடுத்தமுறை பிள்ளையள் ரெண்டையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஓம் தம்பி என்றேன். எனக்குப் பிள்ளைகள் இருப்பதை அந்த ஊரில் நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.