பங்களாவுல இருந்த பிரம்பு நாற்காலி

எந்தங்கச்சி செல்விக்கு ஆறு வயசுல மூணு நாள் காய்ச்சல். நாலாம் நாள் எந்திரிக்கச் சொன்னா, ரெண்டு காலும் அவ பேச்சக் கேக்கல. பெரியாஸ்பத்திரியில இளம்பிள்ளை வாதம்னாங்க (காய்ச்சலோட வந்து கால் நரம்பச் சாகடிக்கிற நோய்).

"இனி நடக்கமாட்டா, பழகிக்கங்க"ன்னாரு டாக்டர். பழகிக்க அது என்ன புதுச் செருப்பா?

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு எங்க லயம். அங்க படுத்தா அருவிச் சத்தம் கேக்கும். ஒரு மைல் கீழ. எங்கெங்கயோ இருந்து கார்ல வந்து பாத்துட்டுப் போவாங்க. செல்வி பத்து வருசமா சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டுக் கெடந்தா.

"அண்ணே, ஒருநாள் கூட்டிட்டுப் போவியா?"

"முதுகுல ஏறு."

"ஏறினா ஒன் பேன் தலைதான் தெரியும். நான் முன்னுக்குப் பாத்து உக்காந்து போகணும்."

தோட்டத்த கவர்மென்டு எடுத்துச்சு. தோட்டத்த நடத்துற தொர மாறினாரு, அவரு பங்களா மாறல. அங்க விருந்துக்கு வந்த ஒரு வெள்ளக்கார அம்மாவுக்கும் நடக்க ஏலாது. காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நாலு பேர அதுக்குன்னு பிரிச்சு விட்டாங்க. நானும் ஒருத்தன். பிரம்பு நாற்காலியில ரெண்டு கம்பக் கட்டி அருவி வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். வழுக்கக் கூடாதுன்னு முந்தின நாளே படி வெட்டி வச்சிருந்தாங்க. அந்தம்மா மேல எனக்குக் கோவமில்ல. அருவியப் பாத்து அழுதாங்க, பாவம்.

அந்த நாற்காலிய ஒரே ஒரு ஞாயித்துக்கெழமைக்குக் கேட்டேன். மலையில எங்கள வேல வாங்குற கண்டாக்கையா சிரிச்சாரு.

"ஒந்தங்கச்சி என்னடா, டூரிஸ்டா? சரி, அடுத்த ஞாயிறு பாப்போம்."

நானும் மடையன் மாதிரி காத்துக்கிட்டிருந்தேன். மழக்காலம் வந்துச்சு. செல்விக்கு நிமோனியா (நெஞ்சுல சளி கட்டி மூச்ச அடைக்கிறது). தோட்டத்து லொறி தேயிலக் கொழுந்து ஏத்தப் போயிருச்சு. கம்பளியில கட்டித் தூக்கிட்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு.

பெட்டியத் தூக்க நாலு பேர் இல்ல, நாப்பது பேர் வந்தாங்க. பொதைக்கிற எடத்துக்கு அருவி வளைவாலதான் வழி. அங்க, "இறக்குங்க"ன்னேன்.

கங்காணி மாமா பதறினாரு. "நடுவழியில இறக்கக் கூடாதுடா, ஆகாது."

"உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் இங்க தூக்கிட்டு வரலியே, அது மட்டும் ஆகுமா மாமா?"

இறக்கினாங்க. மூடியத் தெறந்து, தலப் பக்கம் தூக்கி, அவள முன்னுக்குப் பாக்க வச்சேன்.

ஒங்க வீட்டுல இப்பிடி ஒரு புள்ள இருந்தா, எவன் வீட்டு நாற்காலிக்கும் காத்திருக்காதீங்க. ஒரு பலகை, ரெண்டு கம்பு, நாலு ஆள் போதும். இந்தக் கையால கட்டியும் எனக்கு அது தோணல.

வலது தோள் இன்னும் வலிக்குது. அந்தம்மாவத் தூக்கினதும் இதே தோள்தான், செல்வியத் தூக்கினதும் இதே தோள்தான். மத்த நாளெல்லாம் வந்து போகுது. அந்த 'அடுத்த ஞாயிறு' மட்டும் இன்னும் வரல.