கோழித் தண்ணீரில் கலந்த மருந்து

என் அப்பா தனபால், பாகாலா அருகே ஒரு கோழிப்பண்ணையில் பதினோரு வருடம் வேலை செய்தவர். காலில் பட்ட புண் சீழ்பிடித்து, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கடைசி மருந்தாகக் கொலிஸ்டின் ஏற்றியும் ஜுரம் இறங்கவில்லை.

மருந்தின் பெயரைக் கேட்டதும் அப்பா சிரித்தார். "இதுவா? குஞ்சுங்களுக்குத் தண்ணியில கலக்கினு இருந்தேனே! நான் இன்னா கோழியா டாக்டரம்மா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த மருந்து கிருமியின் மேல்தோலில் ஒட்டி, அதைக் கிழித்துக் கொல்லுமாம். பண்ணைகளில் அதற்குத் தப்பிய கிருமிகள் தோலையே மாற்றிக்கொண்டன. அப்பாவின் உடம்பில் இருப்பதும் அப்படிப்பட்டதுதான், மருந்து அதில் ஒட்டவில்லை என்றார்.

"அப்ப நானே தீனி போட்டு வளத்தேனா?" என்றார் அப்பா.

வேறு மருந்து உண்டா என்று கேட்டேன். அம்மாவை உடனே வரச் சொல்லு என்றார் டாக்டரம்மா.