யானைச் சைரனும் அதிவேகக் குரலும்

போன பெரும்போக நெல் அறுவடைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, மருதமுனையில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் நடந்தது இது. ஒரு நாள் காலையில் இறக்காமத்து விவசாயி ஒருவர், கருகிப்போன கம்ப்யூட்டர் ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

அவர்களுடைய வயலைச் சுற்றி மெல்லிய கம்பி ஓடுகிறதாம். யானை அதை அறுத்தால், காவலுக்குப் படுக்கும் வாடிக் குடிசையில் கம்ப்யூட்டர் சைரன் அடிக்கும். இடி விழுந்து அந்தக் கம்ப்யூட்டர் போய்விட்டது. சைரன் இல்லாத முதல் இரவே யானை வந்து பக்கத்து வாடியைப் பிரித்துப் போட்டிருக்கிறது. அதில் படுத்திருந்தவர் ஓடித் தப்பியது அல்லாஹ்வின் காவல்தான்.

"நாளைக்கி வாங்க எண்டு மட்டும் செல்லாதீங்க மகள். எண்ட தம்பி இண்டைக்கும் அங்கதான் படுக்கப் போறான்" என்றார்.

நான் பெரிய ஆள் மாதிரி, பகலுக்குள் முடித்துத் தருகிறேன் என்றேன். நல்ல வேளையாக டிஸ்க் தப்பியிருந்தது. புரோகிராமை பஸ்கால் மொழியில் எழுதியவர் அவருடைய மருமகன். இப்போது கட்டாரில். பலமுறை அழைத்தும் போன் எடுக்கவில்லை. அவருக்காக எடுத்த புதுக் கம்ப்யூட்டரில் பழைய புரோகிராம் அப்படியே ஓடாது, அதற்கு ஏற்ற வடிவாகத் திரும்பவும் கம்பைல் செய்ய வேண்டும். நேரம் மிச்சம் என்று நினைத்து, பழைய டிஸ்க்கில் இருந்த செட்டிங் ஃபைலையும் அப்படியே எடுத்துப் போட்டேன். கம்பைல் கொடுத்தால், சைரனை இயக்கும் லைப்ரரி என்ற துணை ஃபைலைக் காணவில்லை என்று கடைசி வரியில் வந்து நின்றது.

லைப்ரரி இருக்கிறது! கண்ணுக்கு முன்னால் இருக்கிறது! அழித்துத் திரும்பப் போட்டேன். பஸ்காலையே கழற்றி மறுபடி ஏற்றினேன். நடப்பதையெல்லாம் விவரமாகச் சொல்லு என்று கம்ப்யூட்டரிடம் கேட்டால் நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டியது. நான் வழமைபோல நேரே கீழே இறங்கிக் கடைசி வரியைப் பார்த்தேன். அதே வரி. நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று. விவசாயி பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தும் நான் அதே இடத்தில்தான் நின்றேன்.

அப்போது கடையில் இன்னொருவரும் இருந்தார். கல்முனையில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு டீச்சர், என் வயதுதான் இருக்கும். அவருக்குக் கண் பார்வை இல்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல் நின்றுபோன தன் லெப்டொப்பைக் கொண்டு வந்திருந்தார். அதைச் சரிசெய்து கொடுத்த பிறகும், எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டு போகாமல் இருந்தார்.

"தங்கச்சி, அந்த வரியெல்லாத்தையும் ஒருக்கா எனக்குத் தாங்களன். பஸ்கால் எனக்குத் தெரியா. சும்மா கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

எனக்குள் சிரிப்புத்தான் வந்தது. இருந்தாலும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர் குரலின் வேகத்தைக் கூட்டினார். யா அல்லாஹ், அது பேச்சா? வண்டு இரைவது போல இருந்தது, எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவரோ தலையைச் சாய்த்துக்கொண்டு, மடியில் கை வைத்தபடி அமைதியாகக் கேட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது.

"தொடக்கத்தில 'வயல்' எண்ட ஃபோல்டர்ல லைப்ரரியைத் தேடுது. அப்பிடி ஒரு இடமே இல்ல எண்டும் சொல்லுது. ஆனா கடைசியில 'கடை' எண்ட ஃபோல்டர் பேருதானே வருது. ரெண்டும் ஒண்டா?"

எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. 'வயல்' என்பது பழைய கம்ப்யூட்டரில் மருமகன் வைத்த பெயர். 'கடை' புதியதில் நான் வைத்தது, லைப்ரரி அதற்குள்தான் இருந்தது. நான் காப்பியடித்த செட்டிங் ஃபைல், இல்லாத வீட்டின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு பாதையை மாற்றிக் கம்பைல் கொடுத்தேன். சோதனைக்கு மாட்டிய கம்பித் துண்டைக் கழற்றியதும் சைரன் அலறி, தெருவில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். விவசாயி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எப்படிப் பிடித்தீர்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். "நான் எதையும் மேல இருந்துதான் கேட்டு வரோணும். கீழ பாயப் பழகல்ல" என்று சிரித்தார்.

அறுவடை முடிந்து விவசாயி போனில் அழைத்தார். இரண்டு முறை யானை வந்ததாம், சைரன் அடித்ததாம், தம்பி சுகமாம்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று டீச்சர் கடைக்குள் வந்தபோது, "இவங்களுக்கு என்ன வேணும்?" என்று அவரிடம் கேட்காமல், கூட்டி வந்த ஆட்டோக்காரரிடம்தான் கேட்டேன். டீச்சரின் காதில் அது விழாமலா இருந்திருக்கும்? விழுந்தும், எனக்காகப் பொறுமையாக உட்கார்ந்து அத்தனை வரிகளையும் கேட்டாரே என்று நினைக்கும்போதெல்லாம், இன்றும் எனக்குத் தலை தானாகத் தாழ்ந்துவிடுகிறது.